பெண் ஏறிய வண்டி

மலைக் கல்யாணத்தில் மணப்பெண்ணுக்கு மேக்கப் போடுவதில் புவனா கற்றுக்கொண்ட முதல் பாடம், பெண்ணின் அம்மா வீட்டில் வைத்து மட்டும் போடக் கூடாது என்பது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இது தெரியாமல்தான் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் முதல் கல்யாணத்துக்குப் போனாள். வாணியம்பாடியில் மூன்று மாதம் கோர்ஸ் முடித்த சூடு ஆறாத நேரம். கீழே எப்படிச் செய்வார்களோ அப்படியே பெண்ணை வீட்டுக்குள் உட்கார வைத்து இரண்டரை மணி நேரம் பாடுபட்டாள். எழுந்து நின்ற பெண்ணைப் பார்த்து அவளுக்கே கர்வமாக இருந்தது. வெளியே வந்தால் அம்மா, அத்தை, சின்னம்மா, பக்கத்து வீட்டுக்காரி என்று இருபது பொம்பளைகள் வரிசை கட்டி நிற்கிறார்கள்.

கல்யாணம் அங்கே மாப்பிள்ளை ஊரில்தான் நடக்கும். பிறந்த வீட்டைவிட்டு இறங்கும் பெண், நிற்கிற பொம்பளைகள் ஒவ்வொருத்தியின் கழுத்தையும் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழவேண்டும். அழாமல் இறங்கினால் பெற்றவளுக்குத்தான் அவமானம். ஏழாவது பொம்பளையைக் கட்டிப் பிடித்து முடிப்பதற்குள் கண்மை கன்னத்துக்கு வந்துவிட்டது. கன்னத்துச் சிவப்பு அத்தையின் ஜாக்கெட் தோளுக்குப் போய்விட்டது. இருபதாவது பொம்பளை பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பயந்தே போனாள்.

அதற்கப்புறம் முறை மாறியது. புவனாவின் புருஷன் அருள் ஆலங்காயம் ஸ்டாண்டில் சொந்த ஜீப் வைத்திருந்தான். மலைக்குப் போகிற சனத்தையும் மூட்டையையும் ஏற்றி இறக்குகிற ஷேர் வண்டி. கல்யாண நாளில் அது பெண் வண்டியாகிவிடும். உறவு சனமெல்லாம் டிராக்டரிலும் வேனிலும் வர, ஜீப்பின் பின்சீட்டில் பெண்ணும் புவனாவும் மட்டும். மாப்பிள்ளை ஊர் போய்ச் சேர ஒரு மணியோ ஒன்றரை மணியோ ஆகும். மீதமிருக்கிற அழுகையையெல்லாம் பெண் அந்த நேரத்துக்குள் அழுது தீர்த்துக்கொள்ளலாம். ஊர் எல்லையில் அங்கன்வாடியோ பள்ளிக்கூடமோ சொல்லி வைத்துத் திறந்திருப்பார்கள். அங்கே முகம் கழுவி, குளிர்ந்த துணியை ஒற்றி, கண் வீக்கம் வடிந்த பிறகுதான் புவனா பெட்டியைத் திறப்பாள். இந்த முறை எந்தக் கோர்ஸிலும் இல்லை. ஆனால் நாலைந்து வருஷத்தில் மலைமேல் பாதிக் கல்யாணங்களுக்குப் புவனாதான் என்று ஆகிவிட்டது. கூலியில் ஒரு பகுதி பணமாக வரும். மீதி சாமையாகவும் மொச்சையாகவும், அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பாட்டில் தேனாகவும் ஜீப்பில் இறங்கும்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, மினி பஸ் வரும்வரை. ரோடு போட்டார்கள், ரோடு போட்டால் பஸ் வரும், பஸ் வந்தால் ஜீப்பில் யார் ஏறுவார்கள். அருளுக்குக் காலையில் இரண்டு நடை என்பது ஒன்றாகி, பிறகு சந்தை நாளில் மட்டும் என்றாகிவிட்டது. ஸ்டாண்டில் வண்டியை நிறுத்திக்கொண்டு டீ குடிப்பதே அவன் தொழிலாகிப் போனது. மகள் சிவசங்கரி அஞ்சாவது படிக்கிறாள், இங்கிலீஷ் மீடியம். ஆடி மாதத்தில் புவனாவுக்கும் வேலை கிடையாது. ஒரே வீட்டில் இரண்டு பேரும் பகலெல்லாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய தண்டனை என்று அந்த ஆடியில் இருவருக்கும் தெரிந்தது.

அப்போதுதான் வாணியம்பாடியில் மணப்பெண் அலங்கார ஸ்டூடியோ வைத்திருக்கிற சசிகலா மேடத்திடமிருந்து போன் வந்தது. புவனா போனில் போட்டிருந்த படங்களை யாரோ அவரிடம் காட்டியிருக்கிறார்கள். மாதச் சம்பளம், ஈ.எஸ்.ஐ., பி.எஃப்., சீருடை. வெளி வேலை எடுக்கக் கூடாது. முகூர்த்த நாளில் என்ன ஆனாலும் ஸ்டூடியோவில் இருக்க வேண்டும். ஆவணி மூன்றாவது திங்கட்கிழமை சேர வேண்டும்.

புவனா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பிடிக்கவில்லை என்று சொன்னால் பொய். சுற்றிலும் பல்பு வைத்த கண்ணாடி. பெண் உட்கார ஏறி இறங்குகிற நாற்காலி. இவள் குனிய வேண்டாம், முட்டி போட வேண்டாம். பள்ளிக்கூடத்துத் தரையில் மண்டியிட்டே அவளுடைய வலது முட்டி காய்த்துப்போயிருந்தது. பிரஷ்ஷெல்லாம் அவர்களே தருவார்கள். ஏசி. மத்தியானம் உட்கார்ந்து சாப்பிட ஒரு மேஜை. இவ்வளவையும் பார்த்துவிட்டு பஸ்ஸில் திரும்பும்போது, சந்தோஷப்படவேண்டிய விஷயத்துக்கு ஏன் சந்தோஷம் வரவில்லை என்று அவளுக்குப் புரியவில்லை. வீட்டு நிலைமை புரிந்தது. சேர்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அருள் அன்றைக்குக் கோழிக்கறி வாங்கிக்கொண்டு வந்தான்.

ஒத்துக்கொண்ட மலைக் கல்யாணம் ஒன்றே ஒன்றுதான் பாக்கி. லட்சுமணன், கெங்கம்மாள் என்று சாமையும் புளியும் வைத்துப் பிழைக்கிற மலைக்குடும்பம். அவர்களுடைய மகள் பிரியதர்ஷினிக்கு ஆவணி முதல் வாரம் நாள் குறித்திருந்தார்கள். வேலையில் சேருவதற்கு முன்னால் அதை முடித்துவிடலாம் என்று புவனா கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் ஆடிக் கடைசியில் லட்சுமணனின் பங்காளி வீட்டில் ஒரு சாவு. தீட்டு கழிந்துதான் கல்யாணம், தேதி அப்புறம் சொல்கிறோம் என்று ஆள் சொல்லி அனுப்பினார்கள். ஐப்பசிக்குப் போய்விடும் போலிருக்கிறது, அப்போது நான் இருக்கமாட்டேனே என்று புவனா நினைத்துக்கொண்டாள். வருத்தமாகத்தான் இருந்தது.

வேலையில் சேருவதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, மத்தியானம் பன்னிரண்டு மணிவாக்கில் கெங்கம்மாள் வாசலில் வந்து நின்றாள். தலையில் ஒரு பை, கையில் ஒரு பை. கல்யாணத்துக்குப் பூவும் மஞ்சளும் வாங்க ஆலங்காயம் வந்தவள் அப்படியே பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள். தலைப்பையில் புவனாவுக்கென்று உரித்த மொச்சை. தண்ணீர் குடித்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, சாவகாசமாகக் கேட்டாள்.

"நாளைக்கி எத்தினி மணிக்கி வண்டி எடுப்பீங்க? பாப்பா கேட்டுக்கினு வரச் சொன்னா."

புவனாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. "நாளைக்கா?" என்று கேட்க வாயெடுத்தவள், கெங்கம்மாளின் முகத்தைப் பார்த்து அப்படியே விழுங்கிக்கொண்டாள். கெங்கம்மாளோ தன் போக்கில் பேசிக்கொண்டே போனாள். தீட்டு கழிந்ததும் ஊர்த் தலைவரான நாட்டார் உட்கார்ந்து பேசி, ஐப்பசி வரைக்கும் இழுக்க வேண்டாமென்று நாளைக்கே வைத்துவிட்டார்களாம். போன செவ்வாய்க்கிழமையே லட்சுமணன் ஸ்டாண்டுக்கு வந்து அருளிடம் சொல்லிவிட்டுத்தான் போனாராம்.

"உனுக்குப் போன் பண்ணணும்னுகூட பாப்பா சொல்லிச்சி. புருசன்காரன்கிட்ட சொல்லியாச்சி, பொண்டாட்டிகிட்ட வேற எதுக்குடி தனியா சொல்றதுன்னு நாந்தான் வேணான்னுட்டேன்" என்று சிரித்தாள்.

புவனாவும் சிரித்து வைத்தாள். விடியக்காலையில் கிளம்பி எட்டு மணிக்கெல்லாம் வந்துவிடுவோம் என்று சொல்லி, சோறு போட்டு, பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். புருஷனை வெளியாள் முன்னால் விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசு வரவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

அருள் வீட்டுக்குப் பின்னால் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். ஓடாத வண்டிக்கு எதற்கு இத்தனை கழுவல் என்று இரண்டு நாளாகவே அவளுக்கு ஒரு சந்தேகம்.

"லட்சுமணன் உங்கிட்ட எப்பய்யா வந்து சொன்னாரு?" என்றாள்.

அவன் துணியைப் பிழிந்தான். பொய் சொல்ல வரவில்லை. "செவ்வாக்கெழம."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ மேல போவ. வேல போய்டும்."

"அத நான்தான முடிவு பண்ணணும்?"

"நீ இன்னா முடிவு பண்ணுவன்னு தெரியும். அதான் சொல்லல."

இப்படி நேராகப் பதில் சொல்கிற மனுஷனிடம் எப்படிச் சண்டை போடுவது. அந்தக் குடும்பம் நாளைக்குக் காத்துக்கொண்டு நிற்காதா என்று கேட்டாள். அதற்கும் வழி பண்ணி வைத்திருந்தான். திருப்பத்தூரிலிருந்து மேக்கப் போடுகிற ஒரு பெண்ணைப் பேசி வைத்திருக்கிறானாம். இவளை வாணியம்பாடி பஸ்ஸில் ஏற்றிவிட்டு, அந்தப் பெண்ணை ஜீப்பில் கூட்டிக்கொண்டு மேலே போவதாகத் திட்டம்.

"அது பொண்ணு வூட்லயே மேக்கப் போட்டுடும்யா" என்றாள் புவனா.

"அதெல்லாம் சொல்லி வெச்சிருக்கிறேன். மாப்ள ஊரு போய்த்தான் பெட்டியத் தெறக்கணும், அதுக்கு முன்னாடி அழ வுடணும்னு."

அவ்வளவு கோபத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது. அதை அடக்கிக்கொள்ள வேறு பக்கம் திரும்பினாள். அவன் அடுத்ததையும் சொல்லிவிட்டான். ஜீப்பை விற்கப் பேசியாகிவிட்டது. செங்கத்துக்காரர் ஒருவர் வெள்ளிக்கிழமை வந்து ஓட்டிக்கொண்டு போவார். வண்டி ஓட்டத் தகுதி என்கிற எஃப்.சி. எடுக்கக் கொட்டுகிற பணத்துக்கு அந்த வண்டி பெறாது. பஸ் வந்த பிறகு அதை வைத்துக்கொண்டு தினமும் துடைத்துத்தான் பார்க்கலாம்.

புவனா கல்மேல் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் ஓடி அவள் பாதத்தை நனைத்தது. பதினாலு வருஷமாக அந்த வண்டியை அவன் எப்படி வைத்திருந்தான் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் தன்னைவிட வண்டியின்மேல்தான் இவனுக்குப் பிரியம் என்று அழுதிருக்கிறாள். அதையே விற்கத் துணிந்தவன் வீட்டைப் பற்றி எவ்வளவு பயந்து போயிருப்பான் என்றும் புரிந்தது. புரிந்ததால் கோபம் போய்விடவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

சாயங்காலம் அவள் சசிகலா மேடத்துக்குப் போன் போட்டாள். ஒரே ஒரு நாள், செவ்வாய்க்கிழமை காலையில் வந்து சேர்ந்துகொள்கிறேன் என்று கேட்டாள். அந்த அம்மாள் கத்தவில்லை. கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

"நாளைக்கு மூணு பொண்ணு புக்கிங் புவனா. உன்ன நம்பித்தான் மூணாவத எடுத்தேன். அவங்களும் ஒருத்தங்க வீட்டுப் பொண்ணுதானே?"

"மேல ஒத்துக்கிட்டது முன்னாடியே மேடம். சாவு வுழுந்து தேதி மாறிப்போச்சு."

"நான் உன்னத் தப்பு சொல்லல. ஆனா மாசச் சம்பளம்னா முகூர்த்த நாள்ல நீ என் ஆளு. அதுக்குத்தான் அந்தச் சம்பளமே. முடியலன்னா இப்பவே சொல்லிடு, வேற ஆளப் பாக்கறேன்."

நியாயம்தான். அந்தப் பக்கமும் மூன்று பெண்கள். புவனா போனைக் காதில் வைத்தபடி மொச்சைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை மொச்சையை ஒரு மனுஷி உட்கார்ந்து உரிக்க எத்தனை நேரம் ஆகியிருக்கும். அவள் மகள் காலையில் வாசலில் நின்று ஜீப்பைப் பார்ப்பாள். உள்ளேயிருந்து வேறு யாரோ இறங்குவாள். அதை நினைத்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"முடியாதுங்க மேடம். மன்னிச்சுக்குங்க."

அடுப்படியில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்த அருள், திருப்பத்தூர்ப் பெண்ணுக்குப் போன் பண்ணி வரவேண்டாம் என்று சொல்ல வெளியே போனான்.

திங்கட்கிழமை காலையில் மலை முழுக்கத் தூறல். சாமைக் கொல்லைகள் பச்சை பிடித்து நின்றன. புருஷனும் பெண்டாட்டியும் ஊர் போய்ச் சேரும்வரை பேசிக்கொள்ளவே இல்லை. வளைவுகளில் அவன் பழக்கத்தில் "கெட்டியாப் பிடி" என்று சொல்லுவான். அன்றைக்கு அதைக்கூடச் சொல்லவில்லை. அவள் தானாகவே கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

பிரியதர்ஷினி திருப்பத்தூரில் நர்சிங் படித்தவள். "நான்லாம் அழ மாட்டேங்க்கா, நீங்க வேணா வூட்லயே மேக்கப் போட்ருங்க" என்று முன்பே சவால் விட்டிருந்தாள். முதல் மூன்று பொம்பளைகளைக் கட்டிக்கொண்டபோது நிஜமாகவே சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். நாலாவதாகக் கெங்கம்மாள் நின்றாள். அவள் அழக்கூட இல்லை. மகளின் முந்தானையை இழுத்துச் சரி பண்ணினாள், அவ்வளவுதான். பெண் உடைந்துபோய்விட்டாள். ஜீப்பில் ஏற்றுவதற்குள் இரண்டு பேர் பிடிக்க வேண்டியதாயிற்று.

வண்டியில் புவனா எதுவும் பேச மாட்டாள். ஆறுதல் சொன்னால் அழுகை நின்றுவிடும். நின்றுவிட்டால் பிறகு மணவறையில் வரும். முதுகில் கையை மட்டும் வைத்திருப்பாள். பாதி வழியில் பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு பேச ஆரம்பித்தாள். அப்பாவுக்குச் சர்க்கரை. மூன்று வேளை மாத்திரையையும் அவள்தான் பிரித்து எடுத்துக் கொடுப்பாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. வெள்ளை மாத்திரை இரண்டு விதம் இருக்கிறது.

"கலரு பேனாவால கோடு போட்டு வெச்சிட்டு வந்திருக்கிறேன்க்கா. கோடு அழிஞ்சிட்டா இன்னா பண்றது?"

முன்னால் அருள் வண்டியை இன்னும் மெதுவாக்கினான். எதிரே வந்த மினி பஸ்ஸுக்கு ஒதுங்கி, அது போன பிறகும் கொஞ்ச நேரம் ஓரத்திலேயே நிறுத்தி வைத்திருந்தான். பெண் அழுது முடித்ததும் கிளம்பினான்.

மாப்பிள்ளை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒதுக்கிக் கொடுத்த அறையில் கிழக்கு ஜன்னலோரம் பெஞ்சைப் போட்டுக்கொண்டு புவனா வேலையில் இறங்கினாள். மழை மூடிய வெளிச்சம். நிழல் விழாத அந்த வெளிச்சத்துக்குப் பல்புக் கண்ணாடி ஈடாகாது. பெண்ணுக்குப் புளியம்பழத்து நிறம். அதை வெளுக்கப் பார்க்காமல் அதே நிறத்தில் குழைத்து, கன்னத்தில் லேசாக ஒரு மினுமினுப்பு. அழுத முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். அதை எந்த டப்பாவும் தராது. கண்ணாடியைக் கையில் கொடுத்ததும் பிரியதர்ஷினி ரொம்ப நேரம் பார்த்தாள். "நான்தான்க்கா இது" என்றாள், ஏதோ சந்தேகம் தீர்ந்த மாதிரி.

தாலி கட்டி முடித்து முதல் பந்தியில் அருளை மாப்பிள்ளையின் தாய்மாமனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். பெண் வண்டி ஓட்டி வந்தவருக்கு அங்கே அந்த மரியாதை உண்டு. புதுத் துண்டு போர்த்தி, ஆட்டுக்கறியை இலை கொள்ளாமல் போட்டார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டான். கெங்கம்மாள் வந்து, கொஞ்சமாகச் சாப்பிடுகிறாரே, உடம்புக்கு என்ன என்று புவனாவிடம் கேட்டாள். பல் வலி என்று புவனா சொன்னாள்.

திரும்பி இறங்கும்போதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"நாளைக்கி நான் வாணியம்பாடி போய் அந்த மேடத்தப் பாத்துட்டு வர்றேன்."

"எனுக்காகப் போய்க் கெஞ்சாதய்யா. நானே வேணாம்னு சொன்ன வேல அது."

"கெஞ்சல. நான் பண்ணதுக்கு நான்தான் போய்ப் பேசணும்."

செவ்வாய்க்கிழமை இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ் ஏறினான். ஸ்டியரிங்கைப் பிடிக்காமல் பஸ்ஸில் உட்கார்ந்து போவதே அவனுக்கு ஒரு மாதிரி இருந்திருக்கும். மத்தியானம் வரவில்லை. சிவசங்கரி பள்ளிக்கூடம் விட்டு வந்து, பாடம் எழுதி முடிக்கிற நேரத்தில் வந்து சேர்ந்தான். கையில் ஒரு கவர். புவனா களி கிண்டிக்கொண்டிருந்தாள். கவரைப் பார்த்ததும், கெஞ்சித்தான் வாங்கிவந்துவிட்டான் என்று நினைத்தாள். வேண்டாம் என்று சொல்லவும் தைரியமில்லை. வேண்டும் என்று சொல்லவும் மனசில்லை. துடுப்பை விடாமல் கிண்டிக்கொண்டே இருந்தாள்.

"அந்த எடத்துக்கு நேத்தே வேற ஆளு வந்துட்டாங்க" என்றான் அருள். "இது எனுக்கு."

அவள் திரும்பினாள்.

ஸ்டூடியோ வேனுக்கு டிரைவர் இல்லையாம். ஆம்பூர், குடியாத்தம், வேலூர் என்று மண்டபம் மண்டபமாக மேக்கப் ஆட்களையும் பெட்டிகளையும் கொண்டு போகிற வேன். இருந்தவன் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டான். மேடம் யாரிடமோ அதைப் புலம்பிக்கொண்டிருந்தபோது இவன் எதிரில் நின்றிருக்கிறான். மாதச் சம்பளம், ஈ.எஸ்.ஐ., பி.எஃப்., சீருடை. புவனாவுக்குச் சொன்ன அதே எல்லாமும்.

"பதினாலு வருசம் சொந்த வண்டி ஓட்னவன்யா நீ" என்றாள் புவனா. "எவனும் உன்ன எங்க போனேன்னு கேட்டது கெடையாது."

"வூட்ல ஒருத்தருக்கு சம்பளம் வந்தா போதும் புவனா. அது நீயாத்தான் இருக்கணும்னு நான் ஏன் நெனச்சேன்னு தெரியல." கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பஸ்ல வரும்போதெல்லாம் அதான் யோசிச்சிக்கினு வந்தேன். உன்ன அனுப்பறப்ப சுலுவா இருந்திச்சி. நான் கையெழுத்துப் போடறப்பதான் கை நின்னுச்சி."

அவளுக்கு அவனைத் திட்டவும் வேண்டும் போலிருந்தது, பக்கத்தில் போய் நிற்கவும் வேண்டும் போலிருந்தது. களி அடிப்பிடித்துக்கொண்டிருந்ததால் இரண்டையும் செய்யவில்லை. தட்டில் போட்டு, கருவாட்டுக் குழம்பு ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். முகூர்த்தத்துக்கு லீவு கொடுப்பார்களா என்று மட்டும் கேட்டாள். கொடுக்க மாட்டார்கள் என்றும், தெரிந்துதான் கையெழுத்துப் போட்டேன் என்றும் அவன் சொன்னான். 

வெள்ளிக்கிழமை செங்கத்துக்காரர் வந்தார். ஜீப் தெருமுனை திரும்பும்வரை அருள் பார்த்துக்கொண்டு நின்றான். மூன்றாவது கியரில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அழுத்தாமல் தட்டிப் போட வேண்டும் என்று சொல்ல மறந்துவிட்டேனே என்று இரண்டு நாள் புலம்பினான்.

ஐப்பசியில் மழையோடு முகூர்த்தங்கள் வந்தன. அருள் விடிவதற்கு முன்பே சட்டைப்பையில் ஸ்டூடியோ பெயர் தைத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போய்விடுவான். வந்தால் சாப்பிட்டதும் தூங்கிப்போவான். சம்பளம் ஒழுங்காக வந்தது. சிவசங்கரியின் பள்ளிக்கூட ஃபீஸுக்கு இந்த முறை தலையைச் சொறிந்துகொண்டு நிற்கவேண்டி வரவில்லை. வீட்டில் ஒரு நிதானம் வந்திருந்தது என்பதைப் புவனா மறுக்க மாட்டாள். மலைமேலிருந்து அவளுக்கும் அந்த மாதம் நாலு கல்யாணம் வந்தது.

முதல் கல்யாணத்துக்கு மினி பஸ்ஸில் போனாள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நாற்பது வளைவும் ஏறி இறங்கினாள். பெண்ணின் அம்மா செல்லியம்மாள் பஸ் நிறுத்தத்துக்கே வந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். பஸ் போன பிறகும் ரோட்டையே எட்டிப் பார்த்துவிட்டு, "அருளு எங்கம்மா?" என்றாள்.

"வேலைக்கிப் போய்ட்டாரு" என்றாள் புவனா. அவனைப் பற்றி அப்படிச் சொல்வது அதுதான் முதல் தடவை.

பெண்ணுக்கு வேறு வண்டி பேசியிருந்தார்கள். ஊத்தங்கரைப் பக்கத்துக் கார். நல்ல கார்தான், சீட்டெல்லாம் மெத்தென்று இருந்தது. டிரைவர் ஐம்பது வயதுக்காரர், பொறுப்பாகத்தான் ஓட்டினார். முறைப்படி எல்லாக் கழுத்தையும் கட்டி அழுதுவிட்டுப் பெண் வந்து ஏறினாள். புவனா பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தாள். கார் நகர்ந்தது. நகர்ந்ததும் டிரைவர் கையை நீட்டிப் பாட்டைப் போட்டார். குத்துப் பாட்டு, கதவெல்லாம் அதிர்ந்தது. பெண் திடுக்கிட்டு அழுகையை நிறுத்திவிட்டாள்.

"அண்ணே, பாட்ட நிறுத்துங்க" என்றாள் புவனா.

"கல்யாண வண்டியாச்சே, பாட்டு இல்லாமயா?" என்றார் அவர் நல்ல மனசோடு.

"வேணாங்கண்ணே. நிறுத்துங்க."

அவர் நிறுத்தினார். கொஞ்ச தூரம் போனதும் பெண் மெல்ல மெல்ல மறுபடி அழ ஆரம்பித்தாள். புவனா வெளியே பார்த்தாள். மழைத் தண்ணீர் பாறைமேல் வழிந்துகொண்டிருந்தது. அருளின் ஜீப்பிலும் பாட்டுப் பெட்டி இருந்தது. ஷேர் நடையில் அது ஓயாமல் பாடிக்கொண்டே இருக்கும். பாட்டுக்காகவே அவன் வண்டியில் ஏறுகிறவர்கள் உண்டு. பெண் ஏறிய நாளில் மட்டும் ஒருமுறைகூட அவன் அதைத் தொட்டதில்லை. ஒன்பது வருஷத்தில் பாட்டுப் போடாதே என்று அவள் சொன்னதில்லை. சொல்லவேண்டிய ஒன்று அங்கே இருந்தது என்பதே இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிகிறது.

போனை எடுத்தாள். மணி பத்தே கால். இந்நேரம் அவன் ஏதாவது ஒரு மண்டபத்து வாசலில் வேனோடு நிற்பான். டூட்டியில் போன் எடுக்கக் கூடாது. ராத்திரி வந்ததும் அவனிடம் இதைச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். போனைப் பைக்குள் வைத்துவிட்டு, பக்கத்தில் அழுகிறவளின் முதுகைத் தடவிக்கொண்டே போனாள்.